பொம்மை வாளும் மேடை வாளும்

(நம் சங்க நாடகப் பிரிவின் அரங்கப்பொருள் வகுப்பில் ஆற்றிய உரை)

 

மலிவான பொம்மை வாளை மேடை வாளாக்குவது எவ்வாறு என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசிய இம்மேடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நாடகம் சொல்லால் மட்டும் அமைவதன்று. முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்துக்குச் செவியோடு கண்ணும் வேண்டும். கட்டபொம்மனாக நிற்பவர் எத்துணை முழங்கினாலும், அவர் உருவிய வாள் காற்றில் நெளியுமாயின், அவையில் எழுவது வீரமன்று, சிரிப்பே.

நம் நாடகப் பிரிவின் நிலையை நீங்கள் அறிவீர்கள். அரங்க வாடகை, ஒலி, ஒளி, ஒப்பனை ஆகியவை போக, அரங்கப்பொருள்களுக்கு எஞ்சுவது மிகச் சிறு தொகை. இவ்வாண்டு நாடகத்துக்கு எட்டு வாள்கள் வேண்டும். ஒரு வாளுக்கு 250 ரூபாய்க்கு மேல் இல்லை என்று செயற்குழு வரையறுத்துள்ளது. ஒத்திகை நாள்களையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தால் இத்தொகை போதாது. ஆதலின், சரித்திர நாடகத்தையே விட்டுவிட்டு, ஒரு சோபாவும் ஒரு தொலைபேசியும் போதுமான குடும்ப நாடகங்களையே இனி ஆடலாம் என்ற பேச்சும் எழுந்துள்ளது. குடும்ப நாடகம் தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் நம் மேடையில் எதை ஆடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது நம் விருப்பமா, நம் பணப்பையா? இக்கேள்விக்கு விடை கூறவே இப்பொம்மையைக் கையில் எடுத்துள்ளேன்.

மெய்யான வாளையே இரவல் வாங்கினால் என்ன என்று கேட்பர். கூடாது. மெய்வாள் மேடையில் ஒருகணம் தவறினாலும் உயிருக்கு இடர். மேலும், கூரிய படைக்கலங்களும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் கருதப்படுவன. பொம்மையே நமக்கு ஏற்றது.

மாற்றி அமைப்பது புதுமையன்று

ஒரு பொருளை வாங்கி, அதை வேறொன்றாக்குவது ஏழைகளின் தந்திரம் என்று நாணவேண்டா. தென்னாட்டு வாள்களிலேயே இதற்குச் சான்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுகளை வாங்கி, நம் நாட்டுக் கொல்லர் செய்த கைப்பிடியில் பொருத்திய வாள்கள் பல. அத்தகைய வாளுக்குப் 'பிரங்கி' என்றே பெயர் வழங்கிற்று. பரங்கியர் நாட்டு அலகு உடையது என்பது பொருள்.

வெளிநாட்டுத் திரைக்கலையும் இவ்வழியே சென்றுள்ளது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதைத்தலைவன் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடி எதனால் ஆனது? 'கிராஃப்ளெக்ஸ்' என்னும் பழைய நிழற்படக் கருவியின் மின்வெட்டு விளக்குப் பிடியால் ஆனது. அரங்க அமைப்பாளர் ரோஜர் கிறிஸ்டியன் அதில் சில கறுப்புப் பட்டைகளை ஒட்டி வாளின் பிடியாக்கினார். அப்படத்தின் கலை அமைப்புக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது, அதைப் பெற்றோருள் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் 'டாக்டர் ஹூ' தொடரில், 1973ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு கதையில், பெரும்படையாகத் திரண்டு நின்ற 'டாலெக்' இயந்திரங்கள் கடையில் விற்ற பொம்மைகளே. பணம் படைத்தோரே அவ்வாறு செய்யும்போது நாம் தயங்குவானேன்?

முதற்பணி: மெய்வாளைக் காணுதல்

பொம்மையைத் தொடுமுன் மெய்வாளைக் கண்ணாரக் காணவேண்டும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. ஆகவே நமக்கு வேண்டியது பதினெட்டாம் நூற்றாண்டு வாள். சோழர் சிற்பத்தில் காணும் வாளன்று. தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் படைக்கலங்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. தாளும் பென்சிலும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் செல்லுங்கள். கைப்பிடி எவ்வளவு சிறியது, அதன் அடியில் வட்டத்தகடு எவ்வாறு அமைந்துள்ளது, அலகும் பிடியும் கூடுமிடம் எவ்வளவு தடித்தது, எங்கே தேய்ந்துள்ளது, எங்கே கறுத்துள்ளது என்பவற்றை வரைந்துகொள்ளுங்கள். இதற்குச் செலவு சிறிது, பயனோ பெரிது.

பிறகு பொம்மையைத் தேடுங்கள். தசரா காலத்தில் ராம்லீலாவை ஒட்டி வில்லும் கதையும் வாளும் தில்லிக் கடைவீதிகளில் குவிகின்றன. சதர் பஜாரில் மொத்தமாக வாங்கலாம். வாங்கும்போது வண்ணத்தைப் பாராதீர்கள். அது எவ்வாறேனும் மறையப்போவது. வடிவத்தையும் நீளத்தையும் மட்டும் பாருங்கள்.

பொம்மை கூறும் பொய்கள்

பொம்மையைப் பொம்மை என்று காட்டிக்கொடுப்பவை மூன்று: இரு பாதிகளை ஒட்டிய பொருத்துக்கோடு, எங்கும் ஒரே தன்மையான பளபளப்பு, எடையின்மை. இம்மூன்றையும் நீக்கினால் போதும். புதிதாக அழகு எதையும் சேர்க்கவேண்டியதில்லை என்றே கூறுவேன். பலர் பளபளப்பு குறைந்தது என்று மேலும் வெள்ளித்தாளை ஒட்டுகின்றனர். அதனால் பொம்மை மேலும் பொம்மையாகிறது.

செய்முறை

முதலில் எவ்வகைப் பிளாஸ்டிக் என்று அறியவேண்டும். உட்புறத்தில் ஒரு சிறு துணுக்கைச் சீவி நீரில் இடுங்கள். மூழ்கினால் நன்று; உப்புத்தாள் தேய்த்து வண்ணம் பூசலாம். மிதந்தால் அது பாலித்தீன் இனத்தைச் சேர்ந்தது, மெழுகுபோல் வழுக்கும், வண்ணமும் பசையும் அதில் நில்லா. அதற்கும் வழி உண்டு. பழைய மல் வேட்டித் துணியைப் ஃபெவிகாலில் நனைத்து, அலகைச் சுற்றி, முதுகுப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டிவிடுங்கள். துணி பிளாஸ்டிக்கைப் பற்றாவிடினும் தன்னைத் தானே பற்றிக்கொள்ளும். உலர்ந்தபின் அத்துணியின்மேல் பூசலாம்.

அடுத்து, மெல்லிய கத்தியைப் பொருத்துக்கோட்டில் செலுத்தி இரு பாதிகளையும் பிரியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அலகின் பாதிவரை ஒரு மூங்கில் பத்தையை உள்ளே வைத்துக் கட்டுங்கள். பொம்மை வாள் நெளிவதும் முறிவதும் அலகும் பிடியும் கூடுமிடத்திலேதான். மூங்கில் அவ்விடத்தைக் காக்கும். பிடியின் உள்ளே சில இரும்பு வாஷர்களை எம்-சீல் பிசினில் பதித்துவிடுங்கள். தளர்வாக இட்டால் வசனத்தின் நடுவே அவை கிலுகிலுக்கும். வாளை ஒரு விரலின்மேல் கிடத்தினால், கைக்காப்புக்கு நான்கு விரல் அப்பால் சமனாக நிற்கவேண்டும். அதுவே அளவு.

பாதிகளை மூடி ஒட்டியபின் பொருத்துக்கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டி, பள்ளங்களை எம்-சீலால் நிரப்பி, 120, 220, 400 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். இறுதித் தேய்ப்பை நீர் தொட்டுச் செய்யுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுவே. இங்கே மிச்சம் பிடிக்கும் அரைமணி நேரம் மேடையில் ஒரு கோடாகத் தெரியும்.

கைப்பிடியின் அடித்தகட்டுக்கு ஊறுகாய்ப் புட்டியின் மூடி போதும். பிடியில் மெல்லிய சணற்கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். கைக்காப்பில் பூவேலை வேண்டுமாயின் நம் தஞ்சாவூர் ஓவியர்களிடம் கற்போம். அவர்கள் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்த 'மக்கு' கொண்டு புடைப்பு வேலை செய்து, அதன்மேல் பொன்தகடு பதிப்பர். நாமும் சுண்ணப் பொடியைப் ஃபெவிகாலில் குழைத்து, மருதாணிக் கூம்பில் இட்டு, கோலம் இடுவதுபோல் வரையலாம். இப்பணியில் நம் தாய்மார்களுக்கு நிகர் யாவர்?

பின்னர் வாள் முழுவதும் மங்கிய கறுப்பு பூசி நன்கு உலரவிடுங்கள். அலகுக்கு வெள்ளி வண்ணம் வேண்டா. 6பி பென்சிலின் கரியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்துணியால் அலகின்மேல் அழுத்தித் துடையுங்கள். கறுப்பிலிருந்து இரும்பின் ஒளி மெல்ல எழும். கூர்ப்பகுதியில் மட்டும், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால், வெள்ளி வண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். கைக்காப்பின் மேடுகளில் அவ்வாறே பித்தளை வண்ணம்; பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருக்கட்டும். பத்தாம் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு நுண்வேலை தெரியாது; மேட்டின் ஒளியும் பள்ளத்தின் இருளுமே தெரியும். இறுதியாகத் தெளிந்த வார்னிஷை மிக மெல்லியதாக ஒருமுறை பூசுங்கள். ஒளி சற்றுக் குறையும். ஆனால் நடிகரின் வேட்டியில் கரி படியாது.

செலவுக் கணக்கைக் கூறுகின்றேன். எட்டு வாளுக்கும் பொருள்களைச் சேர்த்து வாங்கின், ஒரு வாளுக்குப் பொம்மை 110, பிசின் 30, உப்புத்தாள் 20, வண்ணமும் வார்னிஷும் 45, மூங்கில், கயிறு முதலியன 15. ஆக 220 ரூபாய். 30 ரூபாய் மிச்சம். அதை உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடிகர் கடமை

இவ்வாள் பார்வைக்கே வாள், மோதுவதற்கன்று. ஒன்றோடொன்று மோதினால் பிளாஸ்டிக் ஓசையே எழும். உடைந்தால் கூரிய சில்லுகள் தெறிக்கும். அலகுகள் நெருங்கும் கணத்தில், திரைக்குப் பின்னிருந்து ஒருவர் இரும்புக் கரண்டியால் எஃகுத் தட்டை அடிக்கட்டும். நடிகரும் வாளை மெய்யான எடை உடையதாக எண்ணித் தூக்கவேண்டும். தோள் சற்றுத் தாழவேண்டும். அவ்வொரு தாழ்வு, நாம் பூசிய வண்ணம் அனைத்தினும் மேலானது.

மற்றொன்று. கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நாம் பிரித்து மாற்றிய பின் அம்முத்திரை இதற்குப் பொருந்தாது. ஆகவே சிறு குழந்தைகளின் கையில் கொடாதீர்கள். ஒத்திகைக்கு எடுத்துச் செல்லும்போது துணியில் சுற்றி, சங்கத்தின் கடிதத்தோடு செல்லுங்கள். தொலைவில் நிற்கும் காவலருக்கு இது வாளாகவே தோன்றும். நம் வேலைக்கு அது நற்சான்று. ஆயினும் சாலையில் அச்சான்று வேண்டா.

கையால் கற்ற தமிழ்

இம்மேசைமேல் உள்ள இரண்டு வாள்களும் நம் இளைஞர் நால்வர் மாதிரிக்காகச் செய்தவை. நால்வரும் இந்நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவர், படிக்கத் தயங்குவர். நாடகத்தில் நடிக்க அழைத்தபோது, வசனம் வராது என்று ஒதுங்கியவர்கள். பட்டறைக்கு மட்டும் வந்தனர். வந்த இடத்தில், பறவையின் மூக்குக்கும் வாளின் இரும்புக்கும் 'அலகு' என்ற ஒரே சொல் வழங்குவதைக் கண்டு வியந்தனர். கடிதத்துக்கும் உறை, தலையணைக்கும் உறை, வாளுக்கும் உறையா என்று சிரித்தனர். அச்சொற்களை அவர்கள் இனி மறவார். அவருள் இருவர், வீரர் வேடமேனும் தருக என்று இப்போது கேட்கின்றனர்.

வாடகைக் கடையிலிருந்து வரும் வாள் நாடகம் முடிந்ததும் திரும்பிச் சென்றுவிடும். நாம் செய்த வாள் சங்கத்தின் அலமாரியில் இருக்கும். அதைச் செய்தவர்களும் சங்கத்தில் இருப்பார்கள். சென்னையில் 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத கற்றோரே அதில் கூடினர். அவ்வழியில் வந்தவர்கள் நாம். விலைக்கு வாங்க முடியாததைக் கையால் செய்துகொள்ளும் துணிவு நம்மிடம் இருக்குமாயின், எந்த நாடகத்தையும் ஆட முடியாது என்று ஒதுக்கவேண்டிய நிலை வாராது.

எஞ்சியுள்ள ஆறு வாள்களுக்கான பொம்மைகள் அடுத்த அறையில் உள்ளன. உப்புத்தாளும் உள்ளது. உரை கேட்ட கைகள் இனி உழைக்கட்டும்.