வீடு திரும்பும் நோயாளியும் ஔடத தானமும்



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதைச் சமண இல்லத்துச் சிறுவரும் அறிவர். இவற்றுள் ஔடதத்திற்குத் தமிழ்ச் சமணச் சான்றோர் அளித்த மதிப்புப் பெரிது. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் ஒன்று முதல் ஆறு பங்கு வரை முறையே ஏறிவரச் சேர்ப்பது ஏலாதிச் சூரணம். அளவு பிழைத்தால் அது ஏலாதி ஆகாது.

திருக்குறளின் மருந்து அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், உடனிருந்து மருந்தை முறையறிந்து அளிப்பவரையும் நான்காம் கூறாக வைத்து அது நிறைவுறுகிறது. மருத்துவமனையில் அந்த நான்காமவர் செவிலியர். வீடு திரும்பிய பின் அவர் யார்?

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் எழுபது வயதுப் பாட்டியார் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல்லாண்டாக உண்டு. நெஞ்சுவலிக்காக நகர மருத்துவமனையில் எட்டு நாள் இருந்துவிட்டு வருகிறார். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சீட்டு, பையில் ஒன்பது வகை மாத்திரைகள். வீட்டு அலமாரியிலோ பழைய மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. அழுத்தத்திற்கு அவர் முன்பே உண்டுவந்த மருந்தும், மருத்துவமனை இப்போது தந்த மருந்தும் ஒன்றே; நிறுவனம் வேறு, அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டையும் சேர்த்து உண்கிறார். நான்காம் நாள் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுகிறார். இது கற்பனைப் பாட்டியாரின் கதைதான். ஆயினும் இத்தகைய பிழை நேராத ஊர் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் மருந்துப் பிழைகளைக் குறைக்கும் முயற்சியைத் தொடங்கியபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறும் வேளையைத் தனிக்கவனம் வேண்டும் மூன்றனுள் ஒன்றாகக் குறித்தது.

சமண இல்லங்களில் இதன்மேல் வேறொரு சிக்கலும் உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. சீட்டில் ‘1-0-1’ என்று எழுதியிருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின். பாட்டியாரோ கதிர் மறைந்தபின் உண்ணார். நோன்பில் உறுதியுடையோர் நீரும் பருகார். அந்த இரவு மாத்திரை என்னாகிறது? சிலர் மாலை உணவோடு உண்கின்றனர். சிலர் உண்ணாமலே விட்டு, மக்கள் வருந்துவரென்று உண்டதாகச் சொல்லிவிடுகின்றனர். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருப்போர் நிலை இன்னும் நுட்பமானது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை உண்டுவிட்டு உணவை ஒழித்தால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும்; உயிருக்கும் இடர் நேரலாம்.

கேப்சூல் உறையைப் பற்றிய ஐயமும் உண்மையானதே. பெரும்பாலான உறைகள் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றினின்று எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. இதனை அறிந்த சிலர் உறையைப் பிரித்து உள்ளீட்டை மட்டும் உண்கின்றனர். குடலில் கரைய வேண்டிய மருந்தும், மெல்ல மெல்லக் கரையுமாறு அமைத்த மருந்தும் இதனால் பயனிழக்கலாம், அல்லது ஒரே வேளையில் மிகுந்து கேடு செய்யலாம். தாவர இழையால் ஆன உறைகளும் உள்ளன. அதே மருந்து மாத்திரையாகக் கிடைப்பதும் உண்டு. கேட்டால்தான் தெரியும். தேனில் குழைத்து உண்ணச் சொல்லும் நாட்டு வைத்தியரிடம், “தேன் எங்களுக்கு ஆகாது ஐயா, வேறு சொல்லுங்கள்” என்று தயங்காது சொல்லும் பாட்டிமார், ஆங்கில மருத்துவர்முன் மட்டும் வாய் திறவாதது ஏனோ!

நோன்பை விடுக என்பதன்று இங்குக் கூற வந்தது. நோன்பை மறைக்க வேண்டா என்பதே. கதிர் மறையுமுன் உண்பவர் என்று அறிந்தால், பல மருந்துகளை மருத்துவர் அதற்கேற்ப மாற்றியமைக்க இயலும். மாற்ற இயலாதவை எவை என்பதையும் அவரே சொல்வார். எட்டு மணிக்கு ஒருமுறை உண்ண வேண்டிய நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து அத்தகையது.

இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி முதல் ஓர் ஏற்பாடு உள்ளது. உதவி தேவைப்படும் நோயாளி வீடு திரும்பும்போது, அவரது ஊர் மருந்தகத்திற்கு மருத்துவமனையே செய்தி அனுப்புகிறது. மருந்தாளுநர் பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, நோயாளியிடம் பேசித் தெளிவிக்கிறார். இந்திய மருந்தாளுநர்க்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் மருந்தை விளக்கிச் சொல்லுதலை அவர்தம் பணியாகவே கூறுகின்றன. கூட்டம் நெருக்கும் கடையில் அதற்குப் பொழுது வாய்ப்பதில்லை என்பது வேறு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன. அப்பணியாளரிடமும் புதிய சீட்டைக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் அங்கிருந்தும் பழைய மருந்தே வந்துகொண்டிருக்கும்.

அறக்கட்டளைகள் மருந்துச் செலவுக்குப் பொருள் உதவுவது நற்செயல். அதனோடு ஆளுதவியும் சேரட்டும். நம் சமுதாயத்தில் மருந்தியல் பயின்ற இளைஞர் பலர் உளர். பணி ஓய்வு பெற்ற மருந்தாளுநரும் உளர். ஒருவர் வீடு திரும்பிய இரண்டு மூன்று நாள்களுக்குள் இவர்களில் ஒருவர் சென்று, பழையதும் புதியதுமான மாத்திரைகள் அனைத்தையும் பாயில் பரப்பி, எது தொடரும், எது நின்றது, எது இருமுறை வருகிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஐயம் எழுந்தால் அவர் தாமே மாற்றாமல், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்கட்டும். நின்றுபோன மருந்துகளை அன்றே அலமாரியினின்று அகற்றிவிட வேண்டும்.

பின்னர்த் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு தாள். ‘இரவு’ என்று எழுதாமல், மருத்துவர் இசைந்த மணியை எழுதுக. உபவாச நாளில் எந்த மாத்திரையை எவ்வாறு கொள்வது என்பதையும் அவரிடம் கேட்டு அதிலேயே குறித்து, அட்டமியும் சதுர்த்தசியும் காட்டும் திதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுக. பாட்டியார் நாள்தோறும் காலையில் தவறாது பார்க்கும் இடம் அதுதான்.