தீர்மான நோட்டும் பிள்ளையின் நோட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்னைக்கு நான் வட்டி, தவணை பத்திப் பேச வரலை. நம்ம பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன்.

சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா உள்கடன் கேட்டாங்க. மகனைத் தனியார் பள்ளியில் சேர்க்கணுமாம். "அரசுப் பள்ளியில் என்ன குறை?" என்றேன். "அங்கே ஒண்ணும் சொல்லித் தர்றதில்லீங்க மேடம்" என்றார். "நீங்க எப்போ போய்ப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். "சேர்க்கும்போது ஒரு தடவை போனதுதான்" என்றார். பையன் இப்போது நாலாம் வகுப்பு!

அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லலை. பள்ளிக்கூடம் போனா ஒருநாள் கூலி போயிடும். படிக்காத நாம ஆசிரியர்கிட்ட என்ன கேட்கிறதுன்னு கூச்சம் வேற. பள்ளியிலும் குறை இல்லாமல் இல்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்பதுதான் சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒருத்தர் விடுப்பு எடுத்தா மற்றவர் பாடு திண்டாட்டம்தான். ஆனா குறையைத் திண்ணையில் பேசிப் பயனில்லை. பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கு.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கு. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்குது, மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் அந்தக் குழுவின் வேலை. ஆசிரியர்கள் பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்லணும்னும் சட்டம் சொல்லுது. ஆக, நாம கேட்பது சலுகை இல்லை, உரிமை.

ஆனா நடப்பது என்ன? ஒரு ஊரில் நம்ம ஊக்குநர் ஒருத்தரே மேலாண்மைக் குழு உறுப்பினர். நோட்டு வீட்டுக்கு வருது, கையெழுத்துப் போட்டு அனுப்புறாங்க. "என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "பார்க்கலையே மேடம்" என்றார். நம்ம குழுக் கணக்கில் அஞ்சு ரூபா உதைச்சாலும் விடாதவர் அவர்! தீர்மானத்தை வாசிச்சுக் காட்டாம இங்கே யாராவது கையெழுத்துப் போடுவோமா? அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கும் கொண்டு போங்க. அது போதும்.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்துகிட்டு, "இன்னைக்கு நடந்த பாடத்தைச் சத்தமா வாசி" என்பார். நான் ஒரு வரியை முழுங்கினால், "ஏன் திக்குறே? திரும்ப வாசி" என்பார். எழுத்து தெரியாது, ஆனா தடுமாற்றம் தெரியும். நான் பட்டம் வாங்கினதுக்கு அந்த அடுப்படிதான் அடித்தளம்.

கடன் கேட்ட அக்கா கதைக்கு வர்றேன். மறு வாரம் இரண்டு உறுப்பினர்களைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு பள்ளிக்குப் போனார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். பையன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே போகலை! அம்மா காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடறாங்க. அவன் பையைத் தூக்கினானா இல்லையான்னு பார்க்க வீட்டில் ஆளில்லை. அடுத்த தெரு உறுப்பினர் ஒருத்தர், தன் மகளோடு அவனையும் கூட்டிப் போக ஒத்துக்கிட்டார். கடன் மனுவை அந்த அக்காவே தள்ளி வெச்சுட்டாங்க. நாளைக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் அது அவர் விருப்பம். ஆனா எங்கே பணம் கட்டினாலும் பிள்ளையைக் கவனிக்கிற வேலை நம்மளோடதுதான்.

தினமும் பத்து நிமிஷம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தம்பியைப் பார்த்துக்கன்னு மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தாதீங்க. மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போன்னு தலைமையாசிரியரிடம் கேட்டு வைங்க. அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு குழுவின் தீர்மான நோட்டிலும் 'நம்ம ஊர்ப் பள்ளி' என்று ஒரு பொருள் இருக்கட்டும். நான் வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.