கைவிரித்த பிறகு



"டாக்டர் கைவிரிச்சுட்டாருங்க." நம் ஊர்களில் இந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்க யாருக்கும் கை வராது. ஸ்கேன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நகைகள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

ஆனால் அந்த மனிதர் உயிரோடுதான் இருக்கிறார். இன்னும் நாற்பது நாள் இருக்கலாம், நான்கு மாதம் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் கத்தினால் யாரைக் கூப்பிடுவது? புண்ணில் வாடை வந்தால் என்ன செய்வது? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது? டாக்டர் கைவிரித்த பிறகு வருகிற அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு நாம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கோழிக்கோடு வரைக்கும் போய்வர வேண்டும்.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் டாக்டராக இருந்தவர் எம்.ஆர்.ராஜகோபால். அவரே பல இடங்களில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. புற்றுநோய் வலியால் துடித்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் அவரிடம் வந்தார். நரம்பில் ஊசி போட்டார் டாக்டர். வலி நின்றுவிட்டது. "அடுத்து எப்போது வரவேண்டும்?" என்று கேட்டார் பேராசிரியர். வரவேண்டியதில்லை, நோயைக் குணப்படுத்த முடியாது, வலிக்குத்தான் இந்த ஊசி என்றார் டாக்டர். வீட்டுக்குப் போன பேராசிரியர் அன்றைக்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஊசியே தன் நோய்க்கு வைத்தியம் என்று அவர் நம்பியிருந்தார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்பது ராஜகோபால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

1993-ல் அவரும், சக மருத்துவர் சுரேஷ் குமாரும், சில தன்னார்வலர்களும் சேர்ந்து அதே மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்தது. எழுந்து உட்கார முடியாதவரை மூன்று பஸ் மாற்றி எப்படிக் கூட்டிவருவது? நாமே வீட்டுக்குப் போவோம் என்று கிளம்பினார்கள். சில ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தின் சிற்றூர்களில், அந்தந்த ஊர்க்காரர்களே நடத்தும் அக்கம்பக்கத்து அமைப்புகளாக அது பரவியது.

அவர்களுடைய வண்டி ஒரு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு. முன்கட்டில் கட்டில். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயது, வாயில் புற்று. வண்டியிலிருந்து ஒரு நர்ஸும் தன்னார்வலர் ஒருவரும் இறங்குகிறார்கள். நர்ஸ் கட்டில் பக்கம் போவதற்கு முன்னால், கதவோரம் நிற்கும் மனைவியிடம் கேட்கிறார்: "சேச்சி, நீங்க நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"

அந்த அம்மாவுக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வருகிறது. இத்தனை மாதத்தில் அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.

அதன் பிறகுதான் பையைத் திறக்கிறார்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவுகிறார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவுகிறார்கள். நாலைந்து நாளில் வாடை மட்டுப்படும். வாடை போனால் பிள்ளை மறுபடியும் கட்டிலருகே வருவான். முதுகில் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப்போடுவது என்று மனைவிக்குச் செய்துகாட்டுகிறார்கள். தண்ணீர் மெத்தை ஒன்றை இரவலாகக் கொடுக்கிறார்கள். மாத்திரை நேரத்தைத் தாளில் எழுதித் தருகிறார்கள்: மார்ஃபின் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கப்போகும்போது அளவு கூட்டி, நடுராத்திரி எழுந்திருக்க வேண்டாம், அதோடு மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை, அதை மட்டும் மறக்கக் கூடாது.

மார்ஃபின் என்றதும் பலருக்கும் பயம். பழகிவிடுமோ, உயிரைச் சுருக்கிவிடுமோ என்று. மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அப்படி நடப்பதில்லை. மருந்துக்கான அபினி நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும், அரசு அனுமதியோடு விளைகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. மாத்திரையோ மலிவானது. ஆனாலும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, இதை வாங்கி வைக்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் பல லைசென்ஸ்கள் தேவைப்பட்டன. பல இடங்களில் இந்த மருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால், 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். கிளம்பும்போது வாசலில் மச்சினன் நர்ஸை நிறுத்துகிறார். "சிஸ்டர், என்ன வியாதின்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்." அதே நேரத்தில் உள்ளே கட்டிலில் படுத்திருப்பவர் தன்னார்வலரின் கையைப் பிடித்துச் சொல்கிறார்: "எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அவரும் குடும்பத்தாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். அதனால் பேசவேண்டியது எதுவுமே பேசப்படாமல் நாட்கள் போகின்றன. கூட்டுறவு வங்கியில் எவ்வளவு கடன், மூத்தவளுக்கு எந்த இடத்தில் பேசியிருந்தார்கள், அண்ணனோடு போட்ட சண்டையை எப்படி முடிப்பது, எதுவும் வெளியே வருவதில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் தன்னார்வலர் மெல்ல மெல்ல அவர்களை ஒருவரோடொருவர் பேசவைக்கிறார். இதற்கு மாத்திரை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்கிறீர்கள்? ஓய்வுபெற்ற வாத்தியார், மளிகைக்கடைக்காரர், கல்லூரி மாணவி, இப்படி யாராகவும் இருக்கலாம். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளின் வீடுகளுக்கு உடன்போய்க் கற்பதும்தான் பயிற்சி. வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதால், அரிசிப் பானை காலியாக இருப்பதும் கண்ணில் படும். அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வருகின்றன. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வருகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருப்பவர்களுக்குக் குடை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். மழை கொட்டுகிற ஊரில் குடைக்கா கிராக்கி இல்லை? படுத்த படுக்கையிலிருந்தும் நாலு காசு சம்பாதிக்கிறவரை வீட்டார் பார்க்கிற பார்வையே வேறு.

பணத்துக்கு என்ன வழி? பெரும்பாலும் சில்லறைதான். கடையில் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஓர் உண்டியல். பள்ளிப் பிள்ளைகள் போடும் நாணயம். உலக அளவில் இந்த நோய்த்தணிப்பு இயக்கத்தின் வரலாறே சிறு பணத்தில் ஆரம்பித்ததுதான். நர்ஸாகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன் பிறகு டாக்டராகவும் ஆனவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். 1948-ல் அவர் கவனித்துவந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, இறக்கும்போது 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். என்னைப் போன்றவர்களுக்கு நீ கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாக நான் இருக்கிறேன் என்பது அவர் விருப்பம். அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், எழுந்துவர 19 ஆண்டுகள் ஆயின. 1967-ல் திறந்தார்கள். உலகத்து நவீன ஹாஸ்பிஸ்களுக்கு அது தாய்வீடு. டாஸ்மாவின் நினைவாக ஒரு ஜன்னலும் அங்கே இருக்கிறது.

2008-ல் கேரள அரசு நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். பஞ்சாயத்துகளும் இந்த வேலையில் இறங்கின. நம் பக்கம் மட்டும் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை மாத்தூரில் ஜீவோதயா இல்லம் பல காலமாகப் புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் கவனித்துவருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்: "வலி நிவாரணத்துக்கு வீட்டுக்கு யார் வருவாங்க?" என்று. கேட்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த லாரி டிரைவரின் கதையை முடிக்க வேண்டுமே. அவர் போய்ச் சேர்ந்தார். வலியில்லாமல், சொந்தக் கட்டிலில், அண்ணன் பக்கத்தில் இருக்கப் போனார். பதினாறு நாள் கழித்து அதே நர்ஸ் மறுபடியும் வந்தார். தண்ணீர் மெத்தையை வாங்கிப்போக வந்தேன் என்றார். மெத்தை ஒரு சாக்குத்தான். திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தார். "சேச்சி, இப்ப தூக்கம் வருதா?" என்று கேட்டார். அந்த அம்மா அன்றைக்கு நிறையப் பேசினார். மெத்தையை அவரே கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தார். மடித்துக் கையில் கொடுத்தபோது கேட்டார்: "அடுத்து இது யார் வீட்டுக்குப் போகுது?"