கணேஷின் படைக்கலம்

துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷ், வசந்த் இருவரையும் படைத்த சுஜாதா, திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். பாடநூலுக்குள் மறைத்து அவர் கதையொன்றைப் படித்த மாணவனிடமிருந்து ஒருமுறை அதனைப் பறித்தேன். அன்றிரவே நான் படித்து முடித்தேன். மறுநாள் வெட்கத்துடன் திருப்பிக் கொடுத்தேன்.

கணேஷின் படைக்கலம் துப்பாக்கியன்று, வினாவே. சான்றைத் தேடியே உண்மையை அடைகிறான். 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ திரைப்படத்தில் ரஜினிகாந்த் கணேஷாகத் தோன்றினார். பாட்டும் சண்டையும் ஓங்க, வினா ஒடுங்கிற்று. சுஜாதா எழுதி 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் உளவாளி, களவுபோன ஏவுகணையைத் தேடினான். 2022இல் மீண்டும் திரைக்கு வந்தான்.

படங்களைக் கண்டு மகிழுங்கள், நூல்களையும் படியுங்கள். கேட்டதை உடனே நம்பாமல், ‘சான்று எங்கே?’ என்று வினவும் பழக்கம் அவற்றால் வளரும். அதனை எந்த ஆசிரியரும் பறிக்கலாகாது.