அள்ளும் வாளியும் நிரவும் நிலமும்

நிலம் சமமாக இருந்தால் நீர் சமமாக நிற்கும். நீர் சமமாக நின்றால் பயிர் சமமாக விளையும். இவ்வுண்மையை நம் முன்னோர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். வயலில் நீரைக் கட்டி நிறுத்தி, மேடு எது, பள்ளம் எது என்று கண்டனர். மாடுகளைப் பரம்புப் பலகையிற் பூட்டிச் சேற்றை நிரவினர். மேடு வந்தபோது பலகைமேல் ஆள் ஏறி நிற்பான். பள்ளம் வந்தபோது இறங்கிக்கொள்வான். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதே அத்தொழிலின் நுட்பம்.

நமது புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏந்தல்களும் இங்கு உள்ளன என்றால், ஒவ்வொரு துளி நீரும் நமக்கு எவ்வளவு அருமையானது என்பது விளங்கும். ஆதலின் நிலத்தைச் சமப்படுத்துதல் நமக்கு ஆடம்பரம் அன்று, இன்றியமையாத கடமை. இக்கடமையை இந்நாளில் பெரும்பாலும் டிராக்டரிடம் ஒப்படைத்துவிட்டோம். அதன் முன்புறத்தில் இரு கைகள் போல நீண்டு, மண்ணை அள்ளித் தூக்கும் வாளி ஒன்றைப் பொருத்திக்கொள்கின்றனர். ‘பக்கெட்’ என்றும் ‘லோடர்’ என்றும் ஓட்டுநர்கள் அதனை வழங்குவர். அவ்வாளியைக் கொண்டு, அதற்கு ஊறு நேராமல் நிலத்தை நிரவுவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முப்பதாண்டுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற எனக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். தவறு செய்து கற்றவன் என்ற தகுதி ஒன்றே எனக்கு உண்டு.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் வீழ்ந்ததை நாம் மறக்க இயலாது. எங்கள் குடும்பத் தென்னந்தோப்பிலும் பெரும்பாலான மரங்கள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்த மரங்கள் குழிகளை விட்டுச் சென்றன. இடையில் முறிந்த மரங்கள் அடிக்கட்டைகளை விட்டுச் சென்றன. மறுஆண்டு புரட்டாசியில், மழைக்கு முன் அந்நிலத்தைச் சமப்படுத்த எண்ணினோம்.

என் தம்பி மகன் கடன் பெற்று டிராக்டரும் வாளியும் வாங்கியிருந்தான். நான் வரப்பில் குடை பிடித்து நின்றேன். அவன் மெல்ல மெல்லச் சென்றான். எனக்குப் பொறுமை இல்லை.

“பெரியப்பா, மண்ணுக்குள் கட்டை கிடக்கும், பார்த்துத்தான் செய்ய வேண்டும்” என்றான்.

“கட்டையாவது கல்லாவது! மழை வருமுன் முடிய வேண்டும். வாளியை நன்றாகக் கவிழ்த்து வேகமாகப் பின்னுக்கு இழு” என்று அதட்டினேன். வகுப்பில் அதட்டிய பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை.

அவன் மறுத்துப் பேசவில்லை. வாளியின் வாயை முழுவதும் கீழே கவிழ்த்துப் பின்னோக்கி இழுத்தான். புதைந்திருந்த அடிக்கட்டை ஒன்றில் வாளியின் அலகு சிக்கியது. வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால், வாளியைக் கவிழ்க்கும் உருளைகளுள் ஒன்றிலிருந்து நீண்டிருந்த எஃகுத் தண்டு வில்போல வளைந்திருந்தது. எண்ணெய் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையிற் செலவான பணத்தை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் ஆண்டில் அவனுக்கு வருவாய் மிகுந்த பருவத்தில் வண்டி பன்னிரண்டு நாள் வேலையின்றி நின்றதே, அதற்கு யார் ஈடு செய்வது? அந்த மாதத் தவணைக்கு அவன் மனைவியின் வளையல்கள் அடகுக்குச் சென்றதைப் பின்னரே அறிந்தேன். அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று.

பருமனான எஃகுத் தண்டு ஏன் வளைந்தது? வீட்டில் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் பற்றி இழுத்தால் எளிதில் அறாது. அதே ஈர்க்கை இரு முனைகளிலும் அழுத்தினால் உடனே வளையும். அதைப் பாதியாக ஒடித்து மீண்டும் அழுத்துங்கள். அத்துணை எளிதாக வளையாது. நீளம் பாதியானால் வளையாமல் தாங்கும் வலிமை நான்கு மடங்காகும் என்பதை ஆய்லர் என்னும் கணித அறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார்.

வாளியின் வாயை முழுவதும் கவிழ்க்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அத்தண்டு முழு நீளத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. அந்நிலையில் பின்னோக்கி இழுத்தால், மண்ணின் எதிர்ப்பு அலகை முன்னோக்கித் தள்ளுகிறது. வாளி மேலே மடியப் பார்க்கிறது. நீண்ட தண்டு முனைகளில் நெருக்குண்கிறது. அலகு கட்டையிலோ கல்லிலோ சிக்கினால், வண்டியின் எடையும் வேகமும் ஒருசேர அத்தண்டின்மேல் விழும். அது நீண்ட ஈர்க்கின் கதியை அடைகிறது.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, நிலத்தை நடந்து பாருங்கள். ஐயம் உள்ள இடத்தில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கட்டைகளையும் கற்களையும் அகற்றுங்கள். அகற்ற இயலாதவற்றின் அருகே குச்சி நட்டு அடையாளமிடுங்கள். மேடு பள்ளத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் அளந்து முளை அடியுங்கள்.

இரண்டாவது, இறுகிய மண்ணை வாளியால் பெயர்க்காதீர்கள். நம் பகுதியின் செம்புராங்கல் நிலம் காற்றும் வெயிலும் பட்டுக் கல்லாக இறுகும் இயல்புடையது. கொத்துக் கலப்பையால் முதலில் உழுது, மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். மேல்மண் மெல்லியதாயின் அதனைத் தனியே ஒதுக்கிவைத்து, அடிமண்ணைச் சமப்படுத்திய பின் மீண்டும் பரப்புங்கள். இல்லையேல் நிலம் சமமாகும், பயிர் விளையாது.

மூன்றாவது, முன்னோக்கிச் செல்லும்போது வாளியின் அடிப்பாகம் தரைக்கு இணையாக இருக்கட்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் சீவாதீர்கள். தாழ்ந்த கியரில், நடக்கும் வேகத்தில் செல்லுங்கள். வாளியின் ஒரு மூலையை மட்டும் கொண்டு முட்டாதீர்கள். முட்டினால் தூக்கும் கைகள் முறுக்கிக்கொள்ளும்.

நான்காவது, பின்னோக்கி இழுப்பது உழுத மண்ணையும் கொட்டிய வண்டலையும் பரப்புவதற்கு மட்டுமே. வாளியில் சிறிது மண்ணை நிரப்பி, தரைக்கு இணையாகவோ மிகச் சிறிதே சாய்த்தோ இழுங்கள். அழுத்தம் தருவதற்கு மண்ணின் எடையே போதும். வாளியை எண்ணெய் அழுத்தத்தால் தரையில் ஊன்றி, முன்சக்கரங்கள் எழும்பும்படி செய்தல் கூடவே கூடாது. திருப்பும் ஆற்றலும் போய்விடும். ‘ஃப்ளோட்’ என்னும் மிதப்பு நிலை உள்ள வண்டியாயின் அதனைப் பயன்படுத்துக. அந்நிலையில் வாளி தன் எடையால் மட்டும் தரையைத் தழுவி ஏறி இறங்கும்.

ஐந்தாவது, பின்புறத்தில் கலப்பையோ வேறு எடையோ மாட்டியிருங்கள். நிறை வாளியை உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். நிறுத்தும்போது வாளியைத் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய வாளியின்கீழ் எவரும் நிற்றலாகாது. இணைப்பு முளைகளுக்கு நாள்தோறும் கிரீஸ் இட மறவாதீர்கள்.

ஒரு சிறு கணக்கும் உண்டு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல ஆழத்து மண் ஏறத்தாழ 100 கன மீட்டர். அரைக் கன மீட்டர் கொள்ளும் வாளிக்கு அது 200 நடைக்கு மேல் ஆகும். ஆகவே பெரிய மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது இவ்வாளிக்கு உரிய வேலை அன்று. வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர் முதலியவற்றை வாடகைக்கு அளிக்கிறது, அதனை நாடுக. லேசர் ஒளியால் மட்டம் காட்டும் நிரவுபலகைகளும் இப்போது உள்ளன. வண்டலைப் பரப்புதல், குழிகளை மூடுதல், களத்தைத் திருத்துதல் ஆகியனவே வாளிக்குத் தக்கவை. அள்ளிச் சுமக்கப் பிறந்த கருவியை உழவும் வெட்டவும் ஏவினால், குறை கருவியினுடையது அன்று.

இறுதியாக, வரப்பில் நிற்கும் என்போன்ற முதியோருக்கு ஒரு சொல். ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் இளைஞன் மண்ணின் எதிர்ப்பைத் தன் உடம்பால் உணர்கிறான், நாம் உணர்வதில்லை. அவன் மெதுவாகச் செல்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். “ஏன்?” என்று கேளுங்கள், “விரைந்து செய்” என்று ஏவாதீர்கள். எங்கள் தோப்பில் இன்று புதிய தென்னைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. அந்நிலத்தைச் சமப்படுத்தி முடித்தவன் என் தம்பி மகனே. அப்போதும் நான் வரப்பில்தான் நின்றேன். ஆனால் வாய் திறக்கவில்லை.