ஈரக் குப்பையும் எருவும்



பால்மரம் சீவுகிற நமக்கு ஈரத்தைப் போக்குவது பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மங்கில் வடிகிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். அமிலம் விட்டு உறைய வைத்து, மெஷினில் பிழிந்து, புகையில் காயவைத்தால்தான் அது ஷீட் ஆகிறது. காயாத ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது ஸ்டோர் கிராணிக்கும் தெரியும். குப்பையின் கதையும் அதுவே.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் பின்சந்தில் போய் நின்று பாருங்கள். எச்சில் இலை, சோறு, காய்கறித் தோல், பூக்கடையின் வாடிய மாலை எல்லாம் ஒரே பையில் கிடக்கும். தூக்கினால் தண்ணீர் சொட்டும். கிள்ளானிலும் இதே காட்சிதான். தலைநகரின் குப்பை உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் வரை போகிறது. லாரி அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சுமக்கிறது. காற்றில்லாமல் புதைந்தது அங்கே மீத்தேன் வாயுவாகிறது. அந்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், நல்லதே. ஆனால் மண்ணுக்குச் சேர வேண்டிய சத்து திரும்பி வருவதில்லை. 2015 செப்டம்பரில் கோலாலம்பூரில் குப்பையைப் பிரிக்கச் சொன்ன விதியும் காகிதம், பிளாஸ்டிக் போன்றவற்றைத்தான் தனியே எடுத்தது. சமையல் கழிவு எஞ்சிய குப்பையோடு போயிற்று!

இந்தூரில் ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவார்ட், யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் எழுதிய நூலில் வழியைக் காட்டிவிட்டார். ஈரக் கழிவைத் தனியே குவித்தால் நாறும், புழு வைக்கும். ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகோ, மருந்து ஏற்றாத மரத்தூளோ கலக்க வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். இடுப்பளவு குவியலுக்குள் சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறி மூன்று நாளாவது நின்றால் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடியும். வெளிப்புறம் உள்ளே போகும்படி கிளறிவிட வேண்டும். சூடு நடுவில்தானே இருக்கிறது! இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். மாட்டுக் கொட்டகை வைத்திருந்த லயத்துக் கிழவிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பாமாயில் ஆலைகள் சிலவும் இதையே பெரிய அளவில் செய்கின்றன. பழம் உதிர்த்த வெறுங்குலையை நறுக்கி, வரிசையாகக் குவித்து, ஆலைக் கழிவுநீரைத் தெளித்துக் கிளறுகிறார்கள். குவியலின் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிறது. பாமாயில் ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் கழிவுநீர் விதிகள் வந்தன. அதுவரை ஓடைதான் முதலாளியின் குப்பைத் தொட்டி.

இனி நம் கேள்வி. குவியலைக் கிளறுவது யார்? அதன் தூசியையும் ஆவியையும் சுவாசிப்பது யார்? கையுறை, பூட்ஸ், முகமூடி, குளிக்கத் தண்ணீர் இவை தருமமல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. உடனடி ஆபத்து என்று நம்பக் காரணமிருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடம் விட்டு விலகலாம் என்றும் சொல்கிறது. எருக்குழி தோண்டச் சொல்லும் நிர்வாகத்திடம், மண்வெட்டியை வாங்குமுன் நமது கிளைச் செயலாளர் இந்தப் பட்டியலை நீட்டட்டும்.