மாளிகாவத்தையில் ஒரு பழைய எஞ்சின்

கொழும்பு மாநகரில் மருதானையைக் கடந்து, பஞ்சிகாவத்தை வழியாக மாளிகாவத்தையை நோக்கிச் செல்வோர் வழியெங்கும் இரும்புக் குவியல்களைக் காண்பர். கழற்றிய கதவுகள், கியர்ப் பெட்டிகள், ரேடியேட்டர்கள், எண்ணெய்க் கறை படிந்த எஞ்சின்கள் என மோட்டார் வண்டியின் அங்கங்கள் யாவும் கடைக்குக் கடை அடுக்கப்பட்டிருக்கும். புறத்தே நின்று நோக்குவோர்க்கு இவை வெறும் பழைய இரும்பு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தந்தை விட்டுச் சென்ற பழைய காரொன்றைப் பேணிவரும் குடும்பத்துக்கோ இது மருந்துக்கடையை ஒத்தது. மருந்துக்கடையில் மாறி வாங்கிய மருந்து தீங்கு செய்வது போல, இங்கும் ஆராயாது வாங்கிய எஞ்சின் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடக் கூடும். பழைய எஞ்சினைத் தெரிந்தெடுத்து, வண்டியிற் பூட்டுவதற்கு ஆயத்தஞ் செய்யும் முறையை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இத்தகைய வியாபாரம் இந்நகரில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. மொறிஸ் மைனர் என்னும் சிறு கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதன்பின் அதுவும், ஒஸ்ரின், ஹில்மன் முதலிய ஏனைய பிரித்தானியக் கார்களும் இலங்கைக்கு வந்திறங்கின. ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலரும் அவற்றை வாங்கினர். அறுபதுகளில் அந்நியச் செலாவணி அருகியபோது புதிய கார்களின் வரவு சுருங்கியது. புதியது வாராத நாட்டிலே பழையதைச் சாகவிடாது காப்பதே ஒரு தொழிலாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானியக் கார்கள் வந்து நிறைந்தன. எனினும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025ஆம் ஆண்டிலேயே நீங்கிற்று. இத்தகைய காலங்களிலெல்லாம் பழைய கார்களுக்கு உயிரூட்டி வந்தவை இக்கடைகளேயாம். மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இல் முடிவுற்ற போதிலும், இன்றும் அது இந்நாட்டு வீதிகளில் ஓடுவதை நேயர்கள் பலரும் கண்டிருப்பர்.

அந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எஞ்சின் வாங்கச் செல்வோர் முதலில் தெளிய வேண்டியது, தமக்கு வேண்டியது எது என்பதே. 1952 முதல் அக்காருக்கு 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1956 முதல் 948உம், 1962 முதல் 1098உம் பூட்டப்பட்டன. இம்மூன்றும் ஒரே குடும்பத்தவை. உடன்பிறந்தார் போலத் தோற்றத்தில் ஒத்திருப்பவை. ஆயின் 948க்கு உரிய கிளட்ச் தட்டின் விட்டம் ஆறேகால் அங்குலம். 1098க்கு உரியது ஏழேகால் அங்குலம். ஆகவே, எஞ்சினை மட்டும் வாங்கி வந்து பழைய கியர்ப் பெட்டியோடு இணைக்க முயல்வோர் வீட்டுக்கு வந்த பின்னரே பொருத்தமின்மையைக் காண்பர். இயன்றவரை எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வாங்குதல் நன்று. மினி காரின் எஞ்சினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே; ஆனால் அது குறுக்காக வைக்கப்படுவது, கியர்ப் பெட்டியை அடியிலே கொண்டது. அதன் பின்புற அமைப்பு வேறாதலால், மைனரில் அப்படியே பூட்ட இயலாது.

அடுத்து, பெயிண்டை நம்பலாகாது. பச்சை நிறம் பூசிப் பளபளக்கும் எஞ்சினைக் காட்டிலும், எண்ணெய்க் கறையோடு கிடக்கும் எஞ்சினே உண்மையை மறையாது சொல்லும். வெடிப்பையும் கசிவையும் துருவையும் புதுப் பூச்சு மூடிவிடும். எஞ்சின் இலக்கத்தை உற்று நோக்குதலும் இன்றியமையாதது. இலக்கம் பொறித்த தகடு கழற்றி மாற்றப்பட்டிருத்தல் கூடும். வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் இடம்பெறுவதால், வேறு எஞ்சின் பூட்டுவோர் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்துவித்தல் வேண்டும். பற்றுச்சீட்டுத் தர மறுக்கும் கடையில் எத்துணை மலிவாயினும் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

“நல்ல எஞ்சின் தம்பி, கொண்டுபோய் அப்படியே பூட்டலாம்” என்று கடைக்காரர் சொல்வது வழக்கம். அவர் பொய்யுரைக்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவரும் உள்ளே பார்த்ததில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. “நானா, ஒருக்கால் சுத்திப் பார்ப்பமே?” என்று பணிவோடு கேட்பதில் குறையொன்றுமில்லை. முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பானரை இட்டுச் சுழற்றினால் கிராங் தடையின்றி முழுச் சுற்றும் சுழல வேண்டும். எண்ணெய்க் கோலில் பால் போன்ற வெண்மை தென்பட்டால், எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கின்றது என்பது பொருள். ஸ்டார்ட்டரும் பற்றறியும் கொண்டு சுழற்ற வாய்ப்புண்டாயின், நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் மானி வைத்து அளத்தல் வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒத்திருப்பின் நன்று. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அமுக்கம் உயருமாயின் ரிங்குகள் தேய்ந்தன. உயராதாயின் வால்வுகளிலே குறையுண்டு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்திருப்பின் அவற்றின் இடையே கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பின்னரும் எஞ்சினை அப்படியே பூட்டுதல் தகாது. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது முதுமொழி. எஞ்சின் விடயத்தில் இது எழுத்துக்கெழுத்து உண்மையாகும். தலைப்பகுதியைக் கழற்றிச் சிலிண்டரின் மேல்விளிம்பை நகத்தாற் தடவினால் படிபோல ஒரு விளிம்பு தட்டுப்படும். அதற்குக் கீழே பிஸ்டன் ரிங்குகள் உராய்ந்து சுவரைத் தின்றிருக்கின்றன என்பதற்கு அது சான்று. விரலுணர்வோடு நில்லாது, மேலும் நடுவும் கீழுமாக, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் விட்டத்தை அளந்து குறித்தல் வேண்டும். தேய்வு மிகுந்திருப்பின் லேத் பட்டறையிற் கொடுத்துச் சிலிண்டரை அகலித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இடுவர். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 10, 20, 30, 40 கூறு என்னும் படிகளில் பெரிய பிஸ்டன்கள் உள்ளன. முன்னரே 40 வரை அகலித்த எஞ்சினாயின் சிலீவ் இட்டே மீட்க இயலும். பிஸ்டனின் உச்சியில் பொறித்திருக்கும் எண் இதனை வெளிப்படுத்தும்.

கிராங்கின் நிலையும் அத்தகையதே. மைனர் எஞ்சினில் அதனை மூன்று பெரிய பேரிங்குகள் தாங்குகின்றன. அதன் கழுத்துகள் வட்டமாக இருக்கின்றனவா, கீறலுண்டா என அளந்து பார்த்துக் கடைவித்து, அவ்வளவுக்குரிய பேரிங்குகளை இடல் வேண்டும். எண்ணெய்க் குழாய்த் துளைகளின் அடைப்புகளைக் கழற்றி உட்புறத்தை நன்கு கழுவாதுவிடின், கடைந்தபோது எஞ்சிய ஒரு துணுக்கு இரும்பே புதுப் பேரிங்கைக் கெடுத்துவிடும். தலைப்பகுதியில் இன்னொரு கருமம் உண்டு. இவ்வெஞ்சின்கள் ஈயங்கலந்த பெட்ரோலுக்காக வடிக்கப்பட்டவை. அந்த ஈயமே வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக அமைந்திருந்தது. இலங்கையில் 2002இல் ஈயங்கலந்த பெட்ரோல் கைவிடப்பட்டது. ஆதலின், தலைப்பகுதி பட்டறைக்குச் செல்லும்போதே வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான இருக்கைகளைப் பொருத்துவித்தல் நலம்.

மீண்டும் கூட்டும்போது கேஸ்கட்டுகள் யாவும் புதியனவாதல் வேண்டும். 948, 1098 எஞ்சின்களின் தலைப்பகுதி நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளாக, 40 இறாத்தல்-அடி வரை முறுக்குதல் முறை. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் ஆயிரத்தில் 12 அங்குலம். கிளட்ச் தட்டையும் அதன் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடல் வேண்டும். பூட்டிய பின் மாற்றுவதாயின் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரும். இக்காரில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது. முதன்முறை முடுக்குமுன் பிளக்குகளைக் கழற்றி வைத்து, எண்ணெய் அமுக்கம் எழும்வரை எஞ்சினைச் சுழற்றிய பின்னரே தீப்பொறி கொடுத்தல் வேண்டும். முதல் 500 மைல் வரை வேகத்தை அடக்கி ஓட்டி, அதன்பின் எண்ணெயை மாற்றுவது நெடுநாள் வழக்கம்.

இவ்வளவு உழைப்பு எதற்கு, ஜப்பானிய எஞ்சின் ஒன்றைப் பூட்டினால் ஆகாதா என்று வினவுவோர் உளர். அவ்வாறு செய்வோரும் உண்டு. நாள்தோறும் தொழிலுக்கு ஓடும் வண்டிக்கு அது ஒரு வழியே. ஆயினும் அதற்கும் தாங்கிகளையும் இணைப்புகளையும் மாற்ற வேண்டும்; எஞ்சினையும் இவ்வாறே சோதித்தாக வேண்டும். எவ்வழியை மேற்கொண்டாலும், எஞ்சினின் விலையோடு செலவு முடிவதில்லை. பட்டறைக் கூலிக்கும் பிஸ்டன், பேரிங் முதலியவற்றுக்கும் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டே பேரம் பேசல் வேண்டும். கையிலுள்ள அனைத்தையும் கடையிலேயே கொடுத்துவிட்டவர், அளக்காமற் பூட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். மாளிகாவத்தைக் கராஜ்களில் அனுபவம் மிக்க பாஸ்மார் சொல்லும் எச்சரிக்கையும் இதுவேயாம்.

வேலை முடிந்ததும், சிலிண்டர் எவ்வளவு அகலிக்கப்பட்டது, கிராங் எவ்வளவு கடையப்பட்டது, எந்த ஆண்டில் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டோடும் பதிவுச் சான்றிதழோடும் சேர்த்து வைத்தல் வேண்டும். இத்தகைய எஞ்சின் ஒருவர் கையோடு முடிவதன்று; மகனுக்கோ அயலாருக்கோ செல்லும். அதனை மீண்டும் திறக்கும் நாளில், அந்தத் தாள் அவருக்கு ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.